தொட்டிலில் கிடந்த ஆணை

முன்பு ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு நாடும் இருந்தது. அந்த நாட்டுக்குப் பெயர் ஒன்றும் இருந்திருக்கும். ஆனால் அரசரின் ஆசைகளைப் பாடி முடிக்கவே அங்கிருந்த புலவர்களுக்குப் பொழுது போதவில்லை. நாட்டின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அரசரின் பெயர் உதயகேசரி. கொடியவர் அல்லர். பசித்தவரைக் கண்டால் உணவிடுவார். பாட்டுக் கேட்டால் பரிசளிப்பார். ஆனால் ஓர் ஆசை மனத்தில் முளைத்துவிட்டால் அது நிறைவேறும்வரை அவருக்குச் சோறு இறங்காது. பிறருக்கும் இறங்க விடமாட்டார்.

அரண்மனைக்கு எதிரே பெருங்கண் ஏரி கிடந்தது. கிடந்தது என்று சொல்வதுகூடக் குறைவு. மேலைக் கரையில் நிற்பவனுக்குக் கீழைக் கரை வானத்தின் ஒரு கோடாகவே தெரியும். முதன்முறை பார்க்கும் அயலூரார் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மறுபடி பேசத் தொடங்கும்போது குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கீழைக் கரைக்கு அப்பால் வயல்களும் ஊர்களும் அந்த ஒரே நீரை நம்பி இருந்தன.

ஒருநாள் அரசர் கீழைக் கரையின் வசந்த மண்டபத்தில் அமர்ந்து ஏரியைப் பார்த்தார். அக்கரையிலிருந்த அவருடைய ஏழுநிலை மாடம் நீருக்குள் தலைகீழாக இறங்கியிருந்தது. ஒவ்வொரு நிலையும் தெளிவாகத் தெரிந்தது. உச்சியிலிருந்த பொற்கலசம் மட்டும் தெரியவில்லை. அது விழவேண்டிய இடத்தில் நீர் இல்லை. மண்டபத்தின் படிக்கட்டுக்கு முன்னால் வெறும் மணல் இருந்தது.

“நம் மாடத்தின் தலையை இந்த ஏரி வெட்டி வைத்திருக்கிறதே!” என்றார் அரசர்.

அருகில் நின்ற பிரதானி சேதுராயர் குனிந்து, “நீர் ஏறினால் கலசம் இறங்கும், அரசே!” என்றார். அரசரின் மனத்தை அவர் வாய் திறக்குமுன்பே படித்துவிடுவதாக நாடெங்கும் புகழ்பெற்றவர் அவர்.

அவ்வளவுதான். மறுநாள் மடைக்காவலனுக்குச் செய்தி போயிற்று: கலசம் நீரில் தெரியும்வரை மடை திறக்கலாகாது, மிகை நீர் வழியும் கலிங்கின் மேலும் பலகை நிறுத்த வேண்டும்.

ஐப்பசி பிறந்தது. மழை தன் வழக்கப்படி பெய்தது. மடைக்காவலன் கரைமேலழகன் நனைந்த துண்டோடு அவைக்கு ஓடிவந்தான்.

“மகராசா, கரை வேர்க்குது. வெளிப்பக்கம் ஈரம் கசியுது. ஒரு மடையையாவது தெறக்க உத்தரவு குடுங்க.”

“வேர்க்கிறதா?” என்றார் பிரதானி. “ஏரிக்குக் காய்ச்சல் போலிருக்கிறது. வைத்தியரை அனுப்பலாமா, அரசே?”

அவை சிரித்தது. அரசரும் சிரித்தார். கரைமேலழகன் சிரிப்பு அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனான். போன வழியிலேயே கீழூர்களில் பறையறைந்து மக்களையும் கைக்குழந்தைகளையும் கோயில் மேட்டில் ஏறச் செய்தான்.

சில நாள் கழித்து ஒரு விடியற்காலையில் நீர் வசந்த மண்டபத்தின் முதற்படியைத் தொட்டது. மழை விட்டிருந்தது, காற்று இல்லை. அரசரும் அவையினரும் மண்டபத்தில் நின்றிருந்தனர். கதிரவன் எழுந்தபோது ஏழு நிலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நீரில் இறங்கிவந்து, கடைசியில் பொற்கலசம் அரசரின் காலடியில் வந்து நின்றது. அது அசையவில்லை. கையை நீட்டினால் எடுத்துவிடலாம் போலிருந்தது. வாழ்க்கையில் ஒருமுறைகூட வாயடைத்து நின்றிராத சேதுராயர்கூட அன்று வாயடைத்து நின்றார். அந்த அழகைப் பொய் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

பிறகு கலசம் நடுங்கியது. தெற்கே, பார்வைக்கு எட்டாத இடத்தில், நிலத்துக்கு அடியிலிருந்து வந்ததுபோல ஓர் ஒலி எழுந்தது. கரை போயிற்று.

கோயில் மேட்டில் நின்றவர்கள் தங்கள் கூரைகளும் கதிர்களும் மாடுகளும் ஒரே நிறத்து நீராக மாறிப் போவதைப் பார்த்தார்கள். உயிர் இழந்தவர் எவரும் இல்லை. மற்ற எல்லாவற்றையும் இழந்தார்கள்.

அந்நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஏரியில் உடைப்பு ஏற்பட்டால் அதை அடைக்க எல்லா ஊராரும் மண் சுமப்பார்கள்; ஆனால் முதற்கூடையை உடைப்புக்குக் காரணமானவனே சுமக்க வேண்டும். ஊராரைப் பார்த்து நின்று, ‘உடைத்தது நான், அடைக்க வாருங்கள்’ என்று தன் வாயால் சொல்லிவிட்டு மண்ணைக் கொட்ட வேண்டும். அதன்பிறகே மற்றவர்கள் கூடையைத் தொடுவார்கள். யாருடைய பிழைக்காகத் தங்கள் முதுகு வளைகிறது என்பதை அறிய விரும்பினார்கள். அறிந்தபின் அவனைத் திட்டுவதுகூட இல்லை, அவனோடு சேர்ந்தே சுமப்பார்கள்.

அரசர் உடைப்பைப் பார்க்க வந்தபோது ஊரார் கைகட்டி நின்றார்கள். ஏரி தன் நீரைக் கொட்டிக்கொண்டே இருந்தது. இன்னும் சில வாரம் போனால் குடிக்கவும் நீர் மிஞ்சாது.

“ஏன் நிற்கிறீர்கள்?” என்றார் அரசர்.

“மொதக்கூடை வரட்டும், மகராசா!” என்றார் ஊர் நாட்டாமைக்காரர்.

“இது எப்படி நேர்ந்தது?” என்று அரசர் அவையினரைக் கேட்டார்.

“கரை உடைந்துவிட்டது” என்றார் பிரதானி. “மழை மிகுந்துவிட்டது” என்றார் தளவாய். “விதி முதிர்ந்துவிட்டது” என்றார் அவைப்புலவர். கரையும் மழையும் விதியும் எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டன. மனிதர் எவரும் அந்த வாக்கியங்களுக்குள் நுழையவில்லை.

அரசருக்குச் சினம் மூண்டது. “உடைத்தவன் எவனோ அவன் முன்வந்து ஒப்புக்கொள்ளட்டும்! முதற்கூடையைச் சுமக்கட்டும்! உடைப்பு அடைபட்ட மறுகணம் அவன் தலை இந்தக் கரை மண்ணில் விழும்!” என்றார்.

உண்மையைச் சொல் என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் சொல்லும் வாய்க்குப் பூட்டும் போட்டாயிற்று. யார் முன்வருவார்கள்?

பிரதானி ஓர் ஆளை முன்வரச் செய்தார். கரைமேலழகனைத் தனியே அழைத்து, “நீ ஒப்புக்கொண்டால் உன்னோடு போகும். இல்லையேல் உன் குடும்பத்தையும் நாடு கடத்துவோம்” என்றார். மறுநாள் கரைமேலழகன் முதற்கூடையைச் சுமந்து வந்து, தரையைப் பார்த்தபடி, “உடைச்சது நான். அடைக்க வாங்க” என்றான். மண்ணைக் கொட்டினான். நீர் அதை அடித்துக்கொண்டு போயிற்று.

ஒருவரும் அசையவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: “நீ சொல்லலடா, அழகா! உன்னைச் சொல்ல வச்சிருக்காங்க.”

அவன் கைகளில் கயிறு கட்டிக் காவலில் வைத்தார்கள். ஏரி இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

அந்த அவையில் குழைக்காதன் என்றொரு விகடகவி இருந்தான். குள்ளமான உருவம், தோளைத் தொடும் காதுக் குழைகள். அவன் தலையசைத்தால் குழைகள் முதலில் சிரிக்கும், பிறகுதான் அவன் சிரிப்பான். அரசருக்கு அவன்மேல் இருந்த பிரியம் பிரதானிக்குப் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. அன்று அவை கூடியதும் சேதுராயர் எழுந்தார்.

“அரசே! ஊரார் நம் குற்றவாளியை ஏற்க மறுக்கிறார்கள். கல்லையும் பேசவைப்பேன் என்று பெருமை பேசுகிறவர் நம் அவையில் ஒருவர் இருக்கிறார். உண்மையில் உடைத்தவரைக் குழைக்காதனாரே கண்டுபிடித்து, அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்யட்டுமே?”

“நன்று!” என்றார் அரசர். “குழைக்காதா, வரும் அமாவாசைக்குள் அவனைக் கொண்டுவா. இல்லையேல் மடைக்காவலன் தலையோடு உன் தலையும் விழும்.”

பிரதானி அமரும்போது, குழைக்காதனுக்கு மட்டும் கேட்கும்படி, “அரசரைச் சுட்டிக் குற்றம் சொல்பவன் நாக்கு அறுபடும் என்பதும் சட்டம்தான். மறந்துவிடப் போகிறீர்” என்றார்.

“மறக்கவே மாட்டேன், பிரதானியாரே!” என்றான் குழைக்காதன். “தலை போனபின் நாக்கு எங்கே இருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.”

பொறி கச்சிதமாக இருந்தது. உடைத்தவர் யார் என்பது அவையில் அனைவருக்கும் தெரியும். சொன்னால் நாக்கு போகும்; சொல்லாவிட்டால் தலை போகும்.

மறுநாள் காலை குழைக்காதனின் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கரைமேலழகனின் மனைவி உலகம்மை. அழுது முடித்துவிட்டுக் கோபத்தோடு வந்திருந்தாள்.

“ஐயா, நீங்கதான் உடைச்சவரைத் தேடப் போறீங்களாம்?”

“ஆமாம், அம்மா!”

“எங்க தேடுவீங்க? கட்டிலுக்கு அடியிலயா?”

குழைக்காதனின் குழைகள் சிரித்தன. உலகம்மை சிரிக்கவில்லை.

“என் வீட்டுக்காரரு மேலயும் எனக்கு ஆத்திரம்தான். செஞ்சவங்க எல்லாம் இல்லேங்கிறாங்க. செய்யாத இவரு நான்தான்ங்கிறாரு. பிள்ளைகளுக்காவத்தான் சொன்னாரு, தெரியும். ஆனாலும் பொய்யி பொய்யிதானே? அந்தப் பொய்யை வாங்கித் தண்ணிகூட நிக்க மாட்டேங்குது.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “பிரதானி ஐயாகிட்டயே போய்க் கேட்டேன். மடையைத் தெறக்காதேன்னு சொன்னது ஆருன்னு. என்ன சொன்னாரு தெரியுமா? ‘ஆணை பிறந்தது’ன்னாரு. பொறந்துச்சாமே! எந்த வீட்ல பொறந்துச்சு? ஆரு பெத்தா? மருத்துவச்சி ஆரு?”

குழைக்காதன் எழுந்து நின்றுவிட்டான். 

“அம்மா, உன் வீட்டில் தொட்டில் இருக்கிறதா?”

“வீடே இல்ல. தொட்டில் மட்டும் புளியமரத்துல மாட்டிக்கிட்டு நிக்குது.”

“அதை எனக்கு இரவல் கொடு.”

அமாவாசைக்கு முதல்நாள் அவை கூடியிருந்தது. அரசர் அரியணையில் இருந்தார். கரைமேலழகனைக் கயிற்றோடு ஒரு தூணருகே நிறுத்தியிருந்தார்கள். அப்போது குழைக்காதன் தலையில் ஒரு மரத்தொட்டிலைச் சுமந்தபடி, தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்தான். தொட்டிலின்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அதை அவை நடுவே மெதுவாக இறக்கி வைத்தான்.

“சத்தம் போடாதீர்கள். குழந்தை உறங்குகிறது.”

“யாருடைய குழந்தை?” என்றார் அரசர்.

“அதைக் கேட்கத்தான் வந்தேன், அரசே! இந்த அவையிலேயே பிறந்த குழந்தை. பெயர் ஆணை. ‘ஆணை பிறந்தது’ என்று பிரதானியாரே தம் வாயால் சொல்லியிருக்கிறார். பிறந்து இத்தனை நாளாகியும் பெற்றவர் வந்து பார்க்கவில்லை. சாதாரணக் குழந்தையும் அன்று. பிறந்த சில நாளிலேயே வானத்துப் பொற்கலசத்தைத் தங்கள் காலடிக்குக் கொண்டுவந்து நிறுத்திய குழந்தை! அப்படிப்பட்ட அற்புதத்தைப் பெற்றவர் யார் என்று நாடு அறிய வேண்டாமா? பட்டத்து யானைமேல் ஊர்வலம் விட வேண்டாமா?”

அரசருக்கு அந்த விடியற்காலை நினைவுக்கு வந்தது. முகம் மலர்ந்தார். “உண்மை. அதைப்போல் ஒரு காட்சியை நாம் கண்டதில்லை. பெற்றவர் எவர்?”

பிரதானி முந்திக்கொண்டார். “தன்னடக்கத்தால் இதுவரை சொல்லவில்லை, அரசே! நீர் ஏறினால் கலசம் இறங்கும் என்ற கருத்தைத் தங்கள் செவியில் இட்டவன் நான்.”

“கருத்து இருந்தால் போதுமா?” என்றார் தளவாய். “கலிங்கின்மேல் பலகை நிறுத்தியவன் நான்!”

“ஏரியைக் கண்ணாடி என்று முதன்முதல் பாடி அரசருக்கு ஆசையை ஊட்டியவன் நான்” என்றார் அவைப்புலவர்.

“நான்!” “நானன்றோ!” “நானும்!” அவை முழுதும் அந்தச் சொல் தவளைக் கூட்டம்போல் ஒலித்தது. குழைக்காதன் ஒவ்வொருவரையும் வணங்கினான்.

“அடேயப்பா! இத்தனை தகப்பன்மாரா? குழந்தை கொடுத்து வைத்தது. வாருங்கள், முகத்தைப் பாருங்கள்.”

துணியை விலக்கினான். தொட்டில் நிறைய உடைப்பிலிருந்து அள்ளிய சேறு. சேற்றில் அழுகிய நெற்கதிர்கள். ஒரு கன்றின் கழுத்து மணி.

“வளர்ந்துவிட்டது” என்றான் குழைக்காதன். “வளர்ந்த கையோடு சேட்டையும் தொடங்கிவிட்டது. கலசத்தை இறக்கிய அதே மூச்சில் கரையையும் இடித்துவிட்டது. பிள்ளை அடுத்த வீட்டுப் பானையை உடைத்தால் ஊரார் பிள்ளையைக் கேட்பதில்லை, பெற்றவரைத்தான் கேட்பார்கள். முதற்கூடை வாசலில் தயாராக இருக்கிறது. தகப்பன்மார்களே, யார் முதலில் வருகிறீர்கள்?”

ஒரு கணத்துக்குமுன் அவையெங்கும் நிறைந்திருந்த ‘நான்’ இருந்த இடம் தெரியாமல் போயிற்று. 

“நான் பலகை நிறுத்தவில்லை. பலகை நிறுத்தப்பட்டது” என்றார் தளவாய்.

“பாட்டு, பாடப்பட்டது” என்றார் புலவர்.

“கருத்து மட்டுமே என்னுடையது!” என்று பிரதானி பதறினார். “கருத்து ஆணை ஆகுமா? ஆணை என்பது...” என்று கையை அரியணைப் பக்கம் நீட்டியவர் பாதி வழியிலேயே விரலை மடக்கிக்கொண்டார்.

“ஆணை என்பது யாருடையது என்றீர்கள், பிரதானியாரே? சரியாகக் கேட்கவில்லை” என்றான் குழைக்காதன்.

“ஆணை... பிறந்தது.”

அரசர் எல்லோர் முகங்களையும் பார்த்தார். தூணருகே நின்றவனையும் பார்த்தார். அவன் அன்று அவையில் நின்று, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தது அவருக்கு நினைவு வந்திருக்கக்கூடும். அரசர் கொடியவர் அல்லர் என்று தொடக்கத்திலேயே சொன்னோம். எழுந்து நின்று, கல்வெட்டில் பொறிக்கத்தக்க குரலில் சொன்னார்:

“போதும். அந்த ஆணை நம்முடையது. கரையை நாம் உடைத்தோம்.”

அவை வியந்து மூச்சுவிட்டது. புலவர், “என்ன பெருந்தன்மை!” என்று பாடத் தொடங்கினார். குழைக்காதன் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஐயோ அரசே! என்னையும் சேர்த்துவிட்டீர்களே! நான் அன்று ஊரிலேயே இல்லையே!”

“உன்னை எப்போது சேர்த்தோம்?”

“‘நாம்’ என்றீர்களே! ‘நாங்கள்’ என்றிருந்தால் கேட்டவன் தப்பித்தான், சொன்னவர்களோடு போயிற்று. ‘நாம்’ என்றால் கேட்டவனும் உள்ளே. நம் மொழி அப்படி அமைந்துவிட்டது. தாங்கள் சொன்னதை இந்த அவை முழுதும் கேட்டது. ஆகவே இந்த அவை முழுதும் உடைத்தது. உடைத்தவர் தலை மண்ணில் விழும் என்பது தங்கள் வாக்கு. பிரதானியாரே, தாங்கள் முன்வரிசை. புலவரே, பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள்.”

“அரசே!” என்று கத்திவிட்டார் சேதுராயர். முகம் வெளுத்திருந்தது. “அந்தச் சொல் வேண்டாம்! கருணைகூர்ந்து அதை மாற்றிச் சொல்லுங்கள்!”

“எந்தச் சொல்லை?” என்றார் அரசர். பிறந்தநாள் முதல் அவர் தம்மைக் குறிக்க வேறு சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை.

“‘நாம்’ வேண்டாம், அரசே! தாங்கள்... ‘நான் உடைத்தேன்’ என்று... தாங்கள் மட்டும்...”

சொல்லி முடித்தபிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது. குழைக்காதன் அவையைச் சுற்றிப் பார்த்துக் கும்பிட்டான்.

“சபையோர்களே, சாட்சியாக இருங்கள். அரசரைச் சுட்டியது என் நாக்கு அன்று.”

சிரிப்பு வரவேண்டிய இடம். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனெனில் அரசர் பிரதானியைப் பார்க்கவே இல்லை. தொட்டிலருகே வந்து குனிந்து, சேற்றிலிருந்து அந்த மணியை எடுத்தார். நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு முடியைக் கழற்றித் தாம் அமர்ந்திருந்த இடத்தில் வைத்தார்.

“கூடை எங்கே?” என்றார்.

உடைப்பின் இரு பக்கமும் ஊர்கள் திரண்டிருந்தன. நடுவே நீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஒரு மலை உருகி ஓடுவதுபோல அது ஓடியது. அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சும் கேட்காது. ஆயினும் அரசர் கூடையைத் தலையில் ஏற்றியபோது, ஏரியே காது கொடுப்பதுபோல மக்களுக்குத் தோன்றிற்று. தோன்றியதா, உண்மையிலேயே இரைச்சல் சற்றுத் தணிந்ததா என்று பின்னாளில் அவர்கள் நெடுங்காலம் வழக்காடினார்கள்.

சேறு அவர் நெற்றியில் வழிந்தது. ஊராரைப் பார்த்து நின்றார். வாய் திறந்தார். பழக்கத்தின் வலிமையால் முதலில் அந்தப் பழைய சொல்லே வந்தது.

“நாம்...”

நின்றார். அந்தச் சொல் முடியும் இடத்தில் உதடுகள் தாமாக மூடிக்கொள்கின்றன. உள்ளே இருப்பவர் பத்திரமாக இருக்கிறார். ஓர் எழுத்து மாறினால் வாய் மூடாது, திறந்தே நிற்கும். அந்தச் சிறிய வேறுபாட்டைக் கடக்க அவர் பட்ட பாட்டை முன்வரிசையில் நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். படை நடத்திப் பகைவர் கோட்டைக்குள் புகுந்தவர் அவர். அங்கெல்லாம் முன்னும் பின்னும் ஆள் இருந்தது. இந்தச் சொல்லுக்குள் ஒருவருக்கு மேல் இடமில்லை.

“நான்” என்றார் உதயகேசரி. “உடைத்தது நான். மடைக்காவலன் வந்து கேட்டபோது சிரித்தவனும் நான். அடைக்க வாருங்கள்.”

மண்ணைக் கொட்டினார்.

நீர் அதையும் அடித்துக்கொண்டு போயிற்று.

அரசர் வெறுங்கூடையோடு திகைத்து நின்றார். கரைமேலழகனின் மண்ணைப் போலவே தம் மண்ணும் போய்விட்டது. மெய்யைச் சொன்ன பிறகும் உடைப்பு உடைப்பாகவே இருந்தது. பொன்னும் படையும் புகழும் செய்ய முடியாததை ஒரு சொல் செய்துவிடும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும், எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து யாரோ அவரை முழங்கையால் இடித்தார்கள். உலகம்மை, தலையில் மண்கூடையோடு நின்றிருந்தாள்.

“தள்ளுங்க மகராசா, வழியில நிக்கிறீங்க!”

அவர் தள்ளி நின்றார். அவள் கொட்டினாள். அவளுக்குப் பின்னால் நாட்டாமைக்காரர் கொட்டினார். அவருக்குப் பின்னால் கரையின் இரு பக்கமும் அசைந்தது. எறும்புப் புற்றில் மழைத்துளி விழுந்ததுபோல மக்கள் இறங்கினார்கள். மரம் வந்தது, நாணல் வந்தது, கல் வந்தது. யாரோ கரைமேலழகனின் கயிற்றை அறுத்தார்கள். அவன் அந்தக் கயிற்றையே எடுத்துக்கொண்டு போய் நாணற்கட்டை இறுக்கினான். அரசர் இரண்டாம் கூடை சுமக்க வந்தபோது அவன் அவர் தலைச் சுமையைப் பார்த்துவிட்டுத் தன் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்துக் கொடுத்தான்.

“வெறுந்தலையில சுமந்தா நாளைக்குக் கழுத்துத் திரும்பாது, மகராசா!”

பிரதானியும் சுமந்தார். அவரை எவரும் அழைக்கவில்லை. ஆனால் அரசர் சுமக்கும் இடத்தில் சும்மா நிற்பதற்கான சொல் அவரிடம் இல்லை.

உடைப்பு அடைபட்ட நாளில் நீர் கரையைத் தொட்டு நின்றது. அப்படி நின்றதைப் பார்த்தவர்கள், ஓடும்போது அஞ்சியதைவிட அதிகமாக அதற்கு அஞ்சினார்கள். அத்தனை பெரிய ஒன்று தங்கள் கைமண்ணுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறதே என்று வியந்தார்கள்.

அரசர் கரைமேல் வந்தார். “உடைப்பு அடைபட்டது. உடைத்தவன் தலை இந்த மண்ணில் விழும் என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல் நிற்க வேண்டும்.”

 பிரதானி பாய்ந்து வந்தார்.

“அரசே! தலை மண்ணில் விழுதல் என்றால் வெட்டுதல் என்று யார் சொன்னது? தலை மண்ணில் படும்படி விழுந்து வணங்குதல் என்றும் பொருள் உண்டே! அதுவே நேர்ப்பொருள். இலக்கணம் அறிந்தோர் அப்படியே கொள்வர்!”

“ஆகா!” என்றான் குழைக்காதன். “பிரதானியாரின் புலமையே புலமை. இந்த நேர்ப்பொருள் அமாவாசை வரைக்கும் எந்த ஊருக்குப் போயிருந்தது?”

அரசர் கரைமேலழகனை நோக்கினார். “நீ தூணருகே நின்றபோது யாராவது உனக்கு இந்தப் பொருளைச் சொன்னார்களா?”

“இல்லீங்க, மகராசா. எனக்கு வெட்டுறதுன்னுதான் வெளங்குச்சு. சொன்னவங்களுக்கும் அப்படித்தான் வெளங்கிருக்கும்.”

“எனக்கும் அப்படித்தான் விளங்கியிருந்தது” என்றார் அரசர். “எனக்கு ஒரு பொருள், உனக்கு ஒரு பொருள் என்று இருந்தால் அது சட்டமாகாது. இன்று முதல் இந்நாட்டில், தன் வாயால் பிழையை ஒப்புக்கொண்டவன் தலை மண்ணில் விழும் என்றால் அதன் பொருள் இதுதான்.”

ஈர மண்ணில் முழங்காலிட்டார். பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து நெற்றியைக் கரையில் வைத்தார். எதிரே நின்றவர்கள் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்கள். சிலர் தாமும் குனிந்தார்கள். உலகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  கொக்கு ஒன்று அவர் அருகே வந்து இறங்கிச் சற்றுநேரம் நின்றுவிட்டுப் பறந்தது.

எழுந்தபோது அவர் நெற்றியில் கரைமண் அப்பியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“குழைக்காதா,” என்றார், “என்ன பரிசு வேண்டும்? கேள்.”

“அரசே, தங்களிடம் ஒரு பழைய பொருள் இருக்கிறது. தங்களுக்கு இனி அதிகம் பயன்படாது. அதைக் கொடுத்தால் போதும்.”

“என்ன பொருள்?”

“அந்த ‘நாம்’. முன்னோர் வழியாக வந்தது, நல்ல வேலைப்பாடு. வீணாகப் போகக் கூடாது.”

“அது உனக்கு எதற்கு?”

“எங்கள் வீட்டில் நான் கைதவறிக் குடத்தைப் போடுவது வழக்கம். இதுவரை ‘உடைந்துவிட்டது’ என்று சொல்லிப் பார்த்தேன், என் மனைவி நம்பவில்லை. இனிமேல் ‘நாம் உடைத்தோம்’ என்று சொல்லலாம் அல்லவா? பாதி அவள் தலையில் போகும்.”

அரசர் சிரித்தார். முதலில் தொண்டைக்குள், பிறகு தோள் குலுங்க, பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நெற்றியில் அப்பியிருந்த மண் உதிர்ந்தது. கரைமேலழகன் சிரித்தான். ஊர்கள் சிரித்தன. சிரிக்கலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்துக் கடைசியாகப் பிரதானியும் சிரித்தார்.

அரசர் அந்தச் சொல்லைக் குழைக்காதனுக்குக் கொடுத்தார். அதனோடு தம் கழுத்திலிருந்த முத்துமாலையையும், கீழைக் கரையில் நன்செய் நிலமும், உடைந்ததற்கு ஈடாக ஒரு வண்டி நிறையப் புதுக்குடங்களும் கொடுத்தார். குழைக்காதன் அனைத்தையும் ஏற்றிக்கொண்டு வீடு சேர்ந்தான். வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒரு குடம் கைதவறிற்று.

“நாம் உடைத்தோம்!” என்றான் பெருமையோடு.

“நாமளா?” என்றாள் அவன் மனைவி, இடுப்பில் கைவைத்து. “அந்த நாமையும் இந்த ஓட்டாஞ்சில்லையும் பொறுக்கிக்கிட்டு வெளிய போங்க. ஆரு உடைச்சதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு உள்ள வாங்க.”

குழைக்காதன் வாசலில் நின்று நெடுநேரம் ஆராய்ந்து, ஒருவரே உடைத்தார் என்று கண்டு, உள்ளே போய்ச் சொல்லிவிட்டுச் சோறு சாப்பிட்டான்.